பருத்திமாரும் கொட்டாங்குச்சியும்: எதை வயலுக்குக் கரியாக்குவது, எதை ஆலைக்கு விற்பது

கேள்வி இது: பெரம்பலூர்ப் பக்கம் நான்கு ஏக்கரில் பருத்தி, மக்காச்சோளம், வரப்பில் கொஞ்சம் தென்னை. ஆண்டுதோறும் பருத்திமார் (பறித்து முடிந்த காய்ந்த செடி), கதிர்ச்சக்கை (மணி உதிர்த்த கதிர்), கொட்டாங்குச்சி எல்லாம் சேர்ந்து கடைசியில் வயலிலேயே எரிகிறது. இவற்றை மண்ணில் இடும் கரியான பயோசாராகவும், வடிகட்டியில் போடும் நுண்துளைக் கரியான ஆக்டிவேட்டட் கார்பனாகவும் மாற்றலாமா? வீட்டளவில் செய்து விற்க முடியுமா?

பயோசார் செய்யலாம். ஒரு குழி, நன்றாகக் காய்ந்த மார், 500 லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும், ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆக்டிவேட்டட் கார்பனை வீட்டில் செய்ய முடியாது. அது ஆலை வேலை. உங்களால் முடிந்தது அந்த ஆலைக்குத் தேவையான கொட்டாங்குச்சிக் கரியைச் சுத்தமாகச் செய்து கொடுப்பது. இரண்டும் கறுப்பாக இருப்பதால் ஒன்றின் கடைசிக் கட்டம்தான் மற்றது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பருத்திமாரிலிருந்து தண்ணீர் வடிகட்டிக்கான கார்பன் எடுக்கக் கிளம்பிப் பணத்தை இழப்பதும், நல்ல கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்து வயலில் கொட்டுவதும் இதனால்தான் நடக்கிறது.

முதலில் எதைக் கரியாக்கக் கூடாது என்று பார்த்துவிடலாம். வைக்கோலும் சோளத்தட்டையும் மாட்டுக்குப் போக வேண்டியவை. கரும்புச் சோகையை மூடாக்காகப் போட்டாலே மண்ணுக்குக் கிடைக்கும் லாபம் அதிகம். பச்சை இலை, காய்கறிக் கழிவு மக்குக்குழிக்குப் போகட்டும். மாடும் தின்னாத, சீக்கிரம் மக்கவும் செய்யாத கட்டைச் சரக்குதான் கரிக்கு ஏற்றது: பருத்திமார், துவரைமார், மக்காச்சோளக் கதிர்ச்சக்கை, வெட்டிப்போட்ட சீமைக்கருவேலம், தோப்பில் கழித்த கிளைகள். பருத்திமாரைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவம் வரை மாரில் தங்கிவிட்ட காய்களுக்குள் உறங்கிக் கிடக்கும். மாரை வயலோரம் அடுக்கி வைத்தால் புழுவையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கிறோம். முந்திரிக் கொட்டைத் தோட்டை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் தோட்டைக் கையாளவும் அதற்கென்ற உலை வேண்டும்.

நெருப்புக்குள் நடப்பது தெரிந்தால் பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும். காய்ந்த மாரைச் சூடாக்கினால் முதலில் ஈரம் போகும். கட்டையின் உடம்பு பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனது. சுமார் 220 டிகிரி செல்சியஸில் ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும். 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் உடையும். லிக்னின் மெதுவாக, 900 டிகிரி வரைகூட இழுத்துக்கொண்டு போகும். இந்த உடைசலில் எரியக்கூடிய வாயுவும் தாரும் வெளியேறி, கார்பன் எலும்புக்கூடாக நின்றுவிடுகிறது. வாயு தீப்பிடித்து எரிந்தால் சுடர் தெரியும், புகை இருக்காது. எரியாமல் தப்பினால் அதுதான் நாம் பார்க்கும் மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை. அதில் தாரும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கருவேலங்கட்டையை மண்போட்டு மூடி நாள்கணக்கில் வேகவைக்கும் கரிமூட்டம் இந்தப் புகையை அப்படியே காற்றில் விடும் முறை. விறகுக்கரி வியாபாரத்துக்கு அது ஓடுகிறது. மார் போன்ற மெல்லிய சரக்குக்கு அந்த முறை தேவையில்லை.

மாருக்கு ஏற்றது சுடர்த்திரைக் குழி. 2014 வாக்கில் சுவிட்சர்லாந்தின் இத்தாக்கா நிறுவனத்தார் கூம்பு வடிவ இரும்புத் தொட்டியாக இதைச் செய்து பரப்பினார்கள். மண்ணில் வெட்டிய குழியிலும் அதே வேலை நடக்கிறது. மேலே 5 அடி விட்டம், அடியில் 2 அடி, ஆழம் இரண்டரை அடி இருக்கட்டும். சுவர் சுமார் 60 டிகிரி சாய்வில் வரும். வெட்டிய மண்ணை விளிம்பைச் சுற்றி அரையடி உயரத்துக்கு அணைத்துவிடுங்கள். உங்கள் நிலம் கரிசலாக இருந்தால் கோடையில் குழிச்சுவர் வெடிக்கும், வெடிப்பு வழியே காற்று உள்ளே போய் அடியிலுள்ள கரியைச் சாம்பலாக்கும். அதனால் களிமண்ணும் சாணியும் குழைத்துச் சுவரில் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். வைக்கோல்போர், தென்னை ஓலை, மின்கம்பி எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பாருங்கள். காற்று எழும் முன், காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் நல்லது.

மார் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிடுங்கி இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடந்த பருத்திமார், வளைத்தால் வளையாமல் "சடக்"கென்று ஒடிய வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி உதறுங்கள். மண்ணோடு போனால் கரியில் சாம்பல் கூடும், எடையும் பொய்யாகும். தடிமன் கட்டைவிரல் அளவு சரியாக இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் இருப்பதைப் பிளந்துகொள்ளுங்கள். கனமானது முதலில், மெல்லியது கடைசியில். கடைசியாகப் போட்ட கட்டை வேகுவதற்குள் முதலில் வெந்த கரி எரிந்துபோகக் கூடாது என்பதற்குத்தான் இந்த வரிசை.

குழியின் நடுவில் சுள்ளிகளைச் சதுரமாக, கிணற்றுச் சுவர் எழுப்புவதுபோல் இரண்டடி உயரம் அடுக்கி, உச்சியில் தீ வையுங்கள். அடியில் வைத்தால் மேலே இருப்பது எரியும்வரை புகைந்துகொண்டே இருக்கும். உச்சியில் வைத்தால் கீழிருந்து வரும் வாயு சுடரைத் தாண்டித்தான் போக முடியும். கட்டு சரிந்து தணல் ஆனதும் குழியடி முழுக்கப் பரப்பி, அதன்மேல் மாரை ஒரு படலமாகப் போடுங்கள். நான்கு விரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். படலம் சுடர்விட்டு எரியும், பிறகு சுடர் குறைந்து கறுக்கும், கறுத்ததன் மேல் திருநீறு தூவினாற்போல் வெளுப்புப் படரும். அந்த வெளுப்பு தெரிந்த உடனே அடுத்த படலம். முந்திப் போட்டால் வெள்ளைப் புகை கிளம்பும், பிந்திப் போட்டால் கரி சாம்பலாகும். இந்த ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் வெப்பமானி தேவையில்லை. சுடர் குழி முழுக்கப் போர்வைபோல் நின்றால் அதற்குக் கீழே காற்று இறங்காது. மேலே இருக்கும் சுடரே வரும் ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடும். அந்தப் பகுதியில் வெப்பம் 650, 700 டிகிரி வரை போகும்.

மூன்று நான்கு மணி நேரத்தில் குழி விளிம்புக்கு அரையடி கீழே வரை நிரம்பும். சுமார் 350 கிலோ மார் போட்டிருப்பீர்கள், உலர்ந்த எடையில் 70 கிலோ கரி கிடைக்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மூடிய உலையில் மெதுவாக வேகவைத்தால் 25 முதல் 35 சதவீதம் வரும் என்பது உண்மை. ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 200 லிட்டர் பீப்பாயில் செய்த உலை அந்த வகை. ஆனால் பீப்பாயில் ஒரு தடவைக்குப் பிடிக்கும் மார் கொஞ்சம்தான். நறுக்கவும் வேண்டும். ஏக்கர் கணக்கில் மார் கிடக்கும்போது குழிதான் வேலைக்கு ஆகும் என்பது என் முடிவு.

கடைசிப் படலம் கறுத்ததும் அணைக்க வேண்டும். 400 முதல் 500 லிட்டர் தண்ணீரை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். தீ எரியும்போது மோட்டாருக்கு மின்சாரம் நின்றால் அத்தனை உழைப்பும் சாம்பல். முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் ஆவி குபீரென்று எழும், முகத்தைத் திருப்பி எட்ட நின்று விளிம்பிலிருந்து ஊற்றுங்கள். பிறகு மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் அரையடி ஈரமண்ணால் காற்றுப் புகாமல் மூடி இரண்டு நாள் விடலாம். அப்படிச் செய்தால் மண் கலந்துவிடும், வயலுக்குப் போவதால் அதில் குறை இல்லை. அணைத்த கரி தன் எடைக்கு மேலேயே தண்ணீரைக் குடித்திருக்கும். அதனால் பயோசார் வாங்கினாலும் விற்றாலும் உலர் எடைக்கோ கன அளவுக்கோ பேசுங்கள். ஈரக் கரியைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர் பாதிக் காசைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்.

கதிர்ச்சக்கை முழுசாகவே இந்தக் குழியில் நன்றாக வேகும். உமியும் கடலைத்தோடும் இதற்கு ஒத்துவராது. பொடிச் சரக்கு படிந்து மூடி, சுடர் செத்துப் புகை மண்டும். உமிக்கு வேறு வழி: பக்கமெல்லாம் துளையிட்ட தகரடின்னைக் கவிழ்த்து, அதன் தலையில் நான்கடிப் புகைக்குழாய் பொருத்தி, உள்ளே தணல் போட்டு, சுற்றிலும் உமியைக் குன்றாகக் குவிக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டு வரும். வெளிப்புறத்தில் கறுப்புத் திட்டுகள் தெரிந்ததும் புரட்டிவிட்டு, முழுக்கக் கறுத்த உடனே பரப்பித் தண்ணீர் தெளிக்க வேண்டும். உமிக்கரியில் பாதிக்கு நெருக்கமாகச் சிலிக்காச் சாம்பல்தான். நாற்றுத்தட்டு ஊடகமாக அருமையாக இருக்கும், கார்பன் சேமிப்பு என்று பார்த்தால் மட்டம்.

கரி சரியாக வந்ததா என்று பார்க்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. ஒரு துண்டை ஒடியுங்கள். நடுவில் பழுப்புக் கோடு தெரிந்தால் அரைவேக்காடு. உள்ளங்கையில் தேய்த்துத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். கறுப்பு சுத்தமாகப் போனால் நல்ல கரி. பிசுக்காக ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டால்தான் போகிறது என்றால் தார் மிச்சமிருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் இரண்டு தட்டில் ஒரே மண் எடுத்து, ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு பங்கு கரி கலந்து, தட்டுக்கு இருபது பச்சைப்பயறு போட்டு நான்கு நாள் பாருங்கள். கரித்தட்டில் முளைப்பு தெளிவாகக் குறைந்தாலோ வேர் கருகினாலோ அந்தச் சரக்கை வயலில் போடாதீர்கள். விற்பதானால் வாங்குபவர் ஆய்வக அறிக்கை கேட்பார். அதில் ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம் 0.7க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரச்சான்றின் அளவுகோல். அதைவிடக் கூடினால் சரியாக வேகவில்லை என்று பொருள்.

இனி மண். எல்லா நிலத்துக்கும் பயோசார் நல்லது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியதாக 2017ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. குளிர்நாடுகளில் அப்படிக் கூடவில்லை. வெப்பமண்டலத்தில் பலன் தந்த நிலங்களில் பெரும்பாலானவை புளிப்பேறிய, சத்துக் குறைந்த மண். பயோசாரின் கார அமில எண் (pH; 7க்கு மேல் போனால் காரம்) பொதுவாக 8 முதல் 10 வரை இருக்கும், ஆகவே அங்கே அது சுண்ணாம்பின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டது. நீலகிரிக்கும் கன்னியாகுமரியின் செம்பொறை மண்ணுக்கும் இது பொருந்தும். உங்கள் கரிசலில் கார அமில எண் ஏற்கெனவே 8க்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே டன் கணக்கில் கரி கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைப்பது இன்னும் குறையும். மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

டன் கணக்கில் போட உங்களிடம் கரியும் இருக்காது என்பது வேறு விஷயம். ஒரு டன் மாருக்கு 200 கிலோ கரி. ஆராய்ச்சிகளில் ஹெக்டேருக்கு 5, 10, 20 டன் என்று போடுகிறார்கள், அந்த அளவுக்கு உங்கள் வயல் மார் பல ஆண்டு சேர்ந்தாலும் போதாது. ஆகவே வயல் முழுக்கத் தூவாமல் வேரடியில் மட்டும், சத்து ஏற்றிய கரியாகப் போடுவதே வழி. நேபாளத்தில் மாட்டுச் சிறுநீரில் ஊறிய கரியை ஹெக்டேருக்கு 750 கிலோ மட்டும் பூசணியின் வேரடியில் வைத்தபோது, கரியில்லாமல் சிறுநீர் மட்டும் கொடுத்த பாத்தியைப்போல நான்கு மடங்கு காய்த்தது. 2015ல் வெளியான ஆய்வு அது. எல்லாப் பயிரிலும் நான்கு மடங்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறைந்த அளவு கரி, சரியான இடம், கூடவே தழைச்சத்து என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்து ஏற்றாத கரியை நேரே மண்ணில் போட்டால் முதல் பருவத்தில் பயிர் மஞ்சளிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். காலியாக இருக்கும் கரி மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேகாமல் மிஞ்சிய பொருளைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதே தழைச்சத்துக்குப் போட்டியிடுகின்றன. அதனால் முதலில் ஊட்ட வேண்டும். கரியை ஈரமாக இருக்கும்போதே சுண்டுவிரல் நக அளவுக்கு மிதித்தோ இடித்தோ நொறுக்குங்கள். காய்ந்த கரியை இடித்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். ஒரு கூடை கரிக்கு நான்கைந்து கூடை மக்கும் தொழுவுரம் என்று கலந்து, சமபங்கு தண்ணீர் சேர்த்த கோமியத்தைக் கரி கருகருவென்று நனையும்வரை ஊற்றி, நிழலில் குவித்து மூன்று நான்கு வாரம் விடுங்கள். வாரம் ஒரு முறை புரட்டுங்கள். அமோனியா நெடி தூக்கலாக இருந்தால் கரி இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். ஏக்கருக்கு 200 கிலோ கரிக்கான இந்தக் கலவையைப் பருத்தி விதைக்கும் சாலில், விதைக்கு ஒரு சாண் பக்கத்தில், அரைச்சாண் ஆழத்தில் இட்டு மூடுங்கள். நடுவில் மூன்று நான்கு வரிசைக்குக் கரியில்லாமல் அதே தொழுவுரம் மட்டும் போட்டு வையுங்கள். அந்த வரிசை இல்லாவிட்டால் அறுவடையில் கூடியது கரியாலா, உரத்தாலா, மழையாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

கொட்டாங்குச்சிக் கதை வேறு. அதைக் குழியில் போட்டு வயலுக்கு அனுப்புவது வீண். சாம்பல் மிகக் குறைவு, லிக்னின் நிறைய, அடர்த்தியான கட்டு. வெந்த பிறகு கெட்டியாக நிற்கும், உள்ளே நானோமீட்டர் அளவு நுண்துளைகள் உருவாக இடம் கொடுக்கும். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்குக் கொட்டாங்குச்சிக் கரியைத் தேடியதற்கு இதுவே காரணம். அது போதாமல் 1918ல் அமெரிக்கர்கள் பீச் பழக்கொட்டைகளை வீடு வீடாகச் சேகரித்தார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். பழைய குழி முறையில் ஒரு டன் கரிக்குச் சுமார் 30,000 முழுத் தேங்காய்களின் ஓடு வேண்டும். வரப்புத் தென்னையில் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும், அதிலும் தேங்காயாக விற்றுவிட்டால் ஓடும் கூடவே போய்விடும். ஓடு மலையாகக் குவிவது கொப்பரைக் களங்களில். கொட்டாங்குச்சியைக் கரியாக்கும் தொட்டிக்கரித் தொழில் காங்கேயம் வட்டாரத்தில் வேரூன்றியதற்கு அதுதான் காரணம். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து கொப்பரைக் களத்தில் ஓடு வாங்கினால் மட்டுமே இது தொழிலாகும்.

செய்வதானால் பீப்பாயில் செய்யுங்கள். 200 லிட்டர் பீப்பாயின் பக்கச்சுவரில் மூன்று மட்டத்தில், மட்டத்துக்கு ஆறாக ஓர் அங்குலத் துளைகள். நார் நீக்கிய, மண் ஒட்டாத, காய்ந்த ஓட்டை அடியில் கொஞ்சம் போட்டுத் தீ பிடித்ததும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். அடித்துளை வழியே பார்க்கும்போது உள்ளே சீராகச் சிவந்திருந்தால் அந்த வரிசையைக் களிமண்ணால் அடைத்து அடுத்த மட்டத்துக்குப் போங்கள். மேல்மட்டமும் சிவந்து புகை மெலிந்து நீலச்சாயல் வந்ததும் மூடியைப் போட்டு, இடுக்கெல்லாம் களிமண் பூசி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். 100 கிலோ ஓட்டுக்கு 28 முதல் 30 கிலோ கரி வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 35க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம், வேகாத சரக்கு கலந்திருக்கிறது. ஆலை பார்ப்பது நான்கு எண்கள்: ஈரம் 10 சதவீதத்துக்குள், ஆவிப்பொருள் 15க்குள், சாம்பல் 3க்குள், நிலைக்கார்பன் (ஆவியாகாமல் நிற்கும் கார்பன்) 75க்கு மேல். நல்ல துண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தால் உலோகம்போல் "கிணுங்" என்னும், உடைத்த முகம் பளபளக்கும்.

தண்ணீர் ஊற்றி அணைக்காமல் மூடி அணைக்கச் சொல்வதற்கு அழுத்தமான காரணம் இருக்கிறது. அரைகுறையாக வெந்த ஓட்டின் மேல் ஊற்றிய தண்ணீர் தாரையும் பீனாலையும் கரைத்துக்கொண்டு பழுப்பாக மண்ணுக்குள் இறங்கும். கரித்தொட்டிகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் நிறமும் நாற்றமும் மாறியதாகக் காங்கேயம் வட்டார மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். ஒரு கிணறு கெட்டால் அதை நம்பிய குடும்பங்கள் எங்கே போகும்? தொழிலாகச் செய்வதானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் இரும்பு வாங்குங்கள்.

இந்தக் கரியை ஆலை என்ன செய்கிறது? நொறுக்கிச் சலித்து, செங்கல் உட்பூச்சுள்ள சுழல் உலையில் 850 முதல் 950 டிகிரியில் நீராவியோடு மணிக்கணக்கில் வைத்திருக்கிறது. நீராவி கார்பனை அரித்துக் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் எடுத்துப் போகிறது. அரித்த இடமெல்லாம் துளை. கார்பனை இழந்துதான் துளை கிடைக்கும் என்பதால் மூன்று டன் கரி போட்டால் ஏறக்குறைய ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பன் வரும். ஓட்டிலிருந்து கணக்கிட்டால் பத்துக்கு ஒன்று. ஒரு கிராமில் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு, அயோடின் எண் (பிடிக்கும் திறனின் அளவு) 900 முதல் 1,100. இந்த வினை வெப்பத்தை விழுங்கும் வினை, ஆகவே வெளியிலிருந்து விடாமல் சூடு கொடுக்க வேண்டும். 900 டிகிரியில் சாதாரண இரும்புப் பீப்பாய் செதில் செதிலாக உரிந்து தொய்ந்துபோகும். வெளிவரும் வாயு இரண்டும் வெடிக்கக்கூடியவை, அதில் ஒன்று மணமே இல்லாத நஞ்சு. வீட்டு முற்றத்தில் இதைச் செய்யக் கூடாது என்று சொல்ல இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

அமிலம் போட்டுச் செய்யும் வழியும் உண்டு. கதிர்ச்சக்கைப் பொடியை அதன் எடைக்கு ஒன்று முதல் இரண்டு மடங்கு பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 500 டிகிரியில் காற்றில்லாமல் வேகவைத்தால், நல்ல பரப்புள்ள பொடிக் கார்பன் வரும். மார், சக்கை போன்ற மென்சரக்குக்கு இதுவே பொருத்தம். ஆனால் அமிலத்தைக் கழுவி மீட்டெடுக்காவிட்டால் செலவு தாங்காது, கழுவிய தண்ணீரை ஓடையில் விடவும் முடியாது. கரியை எலுமிச்சைச் சாற்றிலோ கால்சியம் குளோரைடிலோ ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்தால் ஆக்டிவேட்டட் கார்பன் ஆகிவிடும் என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். மறுபடி உயர்வெப்பத்துக்குப் போகாமல் புதுத் துளை எதுவும் திறக்காது. சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். வண்ணமீன் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூவைச் சில சொட்டுத் தண்ணீரில் விட்டு வெளிர்நீலமாக்கி, மூன்று கண்ணாடிக் குப்பியில் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் உங்கள் கரிப்பொடி ஒரு கிராம், ஒன்றில் கடையில் வாங்கிய ஆக்டிவேட்டட் கார்பன் பொடி ஒரு கிராம், மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். அரைமணி நேரம் குலுக்கித் தெளியவைத்துப் பாருங்கள். நீலம் எவ்வளவு போயிற்று என்ற வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சொந்தக் கரியில் குடிநீர் வடிகட்டி கட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனே குளோரின், நாற்றம், நிறம், சில பூச்சிமருந்துகள் ஆகியவற்றைத்தான் பிடிக்கும். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு எதையும் நீக்காது, கிருமியையும் கொல்லாது. தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் புளோரைடுள்ள கிணற்றுநீரைக் கார்பன் வடிகட்டியில் விட்டுக் குடித்தால் பல்லும் எலும்பும் அதேபோல்தான் கெடும். அதற்கு ஆக்டிவேட்டட் அலுமினா அல்லது சவ்வூடு (ஆர்.ஓ.) வடிகட்டி வேண்டும்.

கார்பன் கிரெடிட் (கார்பனை மண்ணில் அடைத்து வைத்ததற்குக் கிடைக்கும், விற்கத்தக்க சான்று) பற்றியும் கேட்பீர்கள். ஒரு டன் பயோசாரில் 75 சதவீதம் கார்பன் என்றால் அது இரண்டேமுக்கால் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு டன் மாரில் வரும் உங்கள் 200 கிலோ கரி அரை டன்னைக் கொஞ்சம் தாண்டும். ஆய்வக அறிக்கை, எடைப்பதிவு, புகையில்லாமல் செய்ததற்கான சான்று, தணிக்கை எல்லாம் அதற்குமேல் ஆகும் செலவு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போல் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தால் பேசலாம். தனி ஆளாக முன்பணம் கட்டச் சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேமிப்பில் கவனம் வேண்டும். புதிதாகத் திறந்த கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தானே சூடேறும். பொடியாக, உயரக் குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கவும் செய்யும். தண்ணீர் ஊற்றிய குவியலிலும் பெரிய கட்டையின் நடுவில் ஒரு கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும். பீப்பாயைத் திறந்த பிறகு ஒரு நாள் முழுக்க வெட்டவெளியில் அரையடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வையுங்கள். மூடிய அறையில் சூடான கரியை வைத்து அங்கேயே யாரும் படுக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். சாக்கில் கட்டுவதற்கு முன் குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைக் கால்மணி நேரம் செருகி வைத்து உருவித் தொட்டுப் பாருங்கள். கம்பி இளஞ்சூடாக இருந்தாலும் அன்று மூட்டை கட்ட வேண்டாம், கிளறிவிட்டு இன்னொரு நாள் பரப்பி வையுங்கள்.